கே. திலகவதியைத் தேடியவர்கள்

ஜனவரி 8, திங்கள்

புது முதல்வர் சாந்தகுமாரி மேடம் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. இன்று நான்காவது சுற்றறிக்கை. மார்ச் மாதம் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது. நாங்கள் இதுவரை எத்தனை ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறோம், மற்ற ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எங்களை எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எல்லோரும் படிவம் நிரப்பித் தரவேண்டும். “மேற்கோள் எண்ணிக்கையே இனி நம் முகவரி” என்று முடித்திருக்கிறார். கோயம்புத்தூரில் எங்கள் பெண்கள் கல்லூரிக்கு இது புது முகவரி.

என் முகவரி: ஆர். திலகவதி, இயற்பியல் துறை, சர்வீஸ் பத்தொன்பது வருடம், கட்டுரைகள் ஐந்து, மேற்கோள்கள் பதினொன்று. பதினொன்றில் நான்கு நானே என்னைக் காட்டியது. மூன்று என் பழைய மாணவி கல்பனா மரியாதைக்காகக் காட்டியது. பாக்கி நான்கு பேர் யாரென்று தெரியாது; நன்றாக இருக்கட்டும்.

கல்யாணத்துக்கு முந்தைய கட்டுரை ஒன்றும் இருக்கிறது. அது அப்பா இனிஷியலில், கே. திலகவதி என்று வந்தது. அதனால் படிவத்தில் சேர்க்கவில்லை. வேறு காரணம் ஒன்றுமில்லை.

ஜனவரி 9, செவ்வாய்

ஆய்வகக் கணினியில் நெட் வருகிறதா என்று பார்க்க எதையாவது தட்டவேண்டியிருந்தது. அந்தப் பழைய கட்டுரையின் தலைப்பைத் தட்டினேன்.

கடைசியாக 2008இல் பார்த்தபோது அதற்கு மூன்று மேற்கோள்கள். இப்போது ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு.

நெட் வருகிறது.

ஜனவரி 10, புதன்

இன்றும் வருகிறது. 1387.

ஜனவரி 11, வியாழன்

மூன்றாமாண்டுப் பிள்ளைகளுக்கு செய்முறைத் தேர்வு. ஸ்பெக்ட்ரோமீட்டரை மேசையில் வைக்கச் சொன்னால் அம்மிக்கல்லைப் போடுகிற மாதிரி போடுகிறார்கள்.

மதியம் அலுவலகக் கண்காணிப்பாளர் முருகானந்தத்திடம், பொதுவாகத்தான், வேறு இனிஷியலில் வந்த கட்டுரையைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“கே வேற, ஆர் வேறங்க மேடம். ரெண்டும் ஒரே ஆளுதான்னு தாசில்தார்ட்ட சர்டிபிகேட் வாங்கியாரோணும்.”

“பரவால்ல, விடுங்க. சும்மா கேட்டேன்.”

“எத்தன சைட்டேஷனுங்க?”

சொன்னேன். ஒரு பூஜ்யம் கூடப் போட்டுவிட்டேனா என்று கேட்டார். கால்மணி நேரத்தில் முதல்வர் அறையிலிருந்து அழைப்பு. மேடம் எழுந்து நின்று வரவேற்றார். வந்த நாளிலிருந்து யாருக்கும் அவர் எழுந்ததில்லை.

“திலகவதி மேடம், நம்ம காலேஜ் மொத்தத்தையும் கூட்டினா நானூத்திச் சொச்சம் வருது. நீங்க ஒருத்தர் இப்படி வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கீங்க. ப்ரொபசர் போஸ்ட் ஒண்ணு காலியா இருக்கறது தெரியுமில்ல?”

தெரியும். ஆறு வருடமாகத் தெரியும்.

ஜனவரி 16, செவ்வாய். மாட்டுப் பொங்கல்

மகள் திருச்சி விடுதிக்குத் திரும்பிவிட்டாள். வீட்டில் நானும் இவரும் மீந்த பொங்கலும். கல்யாணப் பதிவுச் சான்று இவர் பீரோவில் இருக்கிறது, கேட்காமல் எடுக்க முடியாது. அதனால் சொல்லவேண்டியதாயிற்று.

இவருக்கு மோட்டார் பம்ப்செட் கடை. விஷயத்தை எப்போதும் குதிரைத்திறனில் சொன்னால்தான் பிடிக்கும். நான் இப்படிச் சொன்னேன்: இரண்டு வெள்ளிக் கண்ணாடிகளை எதிரெதிரே, முடியைவிட மெல்லிய இடைவெளியில் வைக்கிறோம். நடுவில் ஒரு சாயப் படலம். உள்ளே விட்ட ஒளி கண்ணாடிகளுக்கு இடையில் முட்டி முட்டித் திரும்புகிறது. திரும்பும்போதெல்லாம் சாயம் அதை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கிறது. வாங்கலும் கொடுக்கலும் வேகமாகிவிட்டால், எது ஒளி எது சாயம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்போது ஒற்றைக் கோடாக இருந்த நிறம் இரண்டாகப் பிளந்து நிற்கும். அந்தப் பிளவு எவ்வளவு அகலம் என்று நான் அளந்தேன். முந்நூற்று இருபது. மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்பது அளவு. அது உங்களுக்கு வேண்டாம்.

“அத எத்தன பேரு எடுத்துச் சொல்லியிருக்காங்கற?”

“ஆயிரத்து முந்நூத்துச் சொச்சம்.”

“நம்ம கல்யாணத்துக்கே அறுநூறு பேருதான் வந்தாங்க.” கொஞ்ச நேரம் பொங்கலைக் கிளறினார். “இருவது வருஷமா என்ற கிட்ட ஏன் சொல்லல திலகா?”

“சொல்றதுக்கு என்னங்க இருக்கு.”

பீரோ சாவியை எடுத்துக் கொடுத்தார். நான் உலகத்துக்கே தெரிந்தவளா என்று இரண்டு தரம் கேட்டார். உலகத்துக்குத் தெரிந்தது கே. திலகவதி என்று சொன்னேன்.

ஜனவரி 23, செவ்வாய்

கிராம நிர்வாக அலுவலர் என்னைவிடச் சின்னவர். மனுவை இரண்டு முறை படித்தார்.

“நாளைக்கு வேற யாராச்சும் வந்து, நாந்தான் கே. திலகவதின்னு சொன்னா என்னங்க பண்றது?”

“யாரும் வரமாட்டாங்க சார்.”

“அத எப்படிங்க இத்தன உறுதியா சொல்றீங்க?”

இவர் குறுக்கே வந்து, “சார், நான் கட்டிக்கிட்டது கே. திலகவதியத்தானுங்க. அப்பறம்தான் ஆர் ஆச்சு. நடுவுல ஆள் மாறல,” என்றார். கையெழுத்து கிடைத்தது. இன்னும் இரண்டு மேசை பாக்கி.

பிப்ரவரி 2, வெள்ளி

தாசில்தார் முத்திரையோடு சான்று வந்துவிட்டது. இருவரும் ஒருவரே. இவர் அதை லேமினேட் செய்யக் கொண்டுபோனார். வரும் வழியில் மைசூர்பாகு.

பிப்ரவரி 10, சனி

குழுவின் முன் நான் பதினைந்து நிமிடம் பேசவேண்டுமாம். அதற்காக, என்னை மேற்கோள் காட்டியவர்களை ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் கட்டுரை பத்து வருடம் தூங்கி, 2013 வாக்கில்தான் எழுந்திருக்கிறது. அதன் பிறகு எல்லோரும் கண்ணாடிகளுக்கு நடுவே ஓடியிருக்கிறார்கள். ஒளியை இப்படி அடைத்துவைத்து வேதிவினையின் வேகத்தையே மாற்றப் பார்க்கிறார்கள். பாதி புரியவில்லை. புரியாததைப் படிப்பது இத்தனை நன்றாக இருக்கும் என்பது மறந்துபோயிருந்தது. காலையில் பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்தது. அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

மாலையில் ஒன்று கண்ணில் பட்டது. அச்சாகுமுன் எல்லோரும் படிக்கப் போட்டுவைக்கும் தளத்தில் இருந்த கட்டுரை. எழுதியவர் பர்னாலி, கவுகாத்தியில் ஓர் ஆய்வு மாணவி. அடிக்குறிப்பில் இப்படி இருந்தது: “இதே படலத்துக்கு எங்கள் அளவு 284. திலகவதி கட்டுரையின் 320ஓடு ஒத்துப்போகவில்லை. காரணம் தெரியவில்லை. முதல் ஆசிரியரைத் தொடர்புகொள்ளப் பலமுறை முயன்றோம்.”

இரவுச் சாப்பாட்டில் குழம்பு உப்பு என்றார் இவர். புது உப்பு, கொஞ்சம் போட்டாலே கரிக்கிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு

பரண் சுத்தம் செய்தேன். பழைய டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தேன். ஆய்வக நோட்டு உள்ளேதான் இருக்கிறது. திறக்கவில்லை. வேலை நிறைய இருந்தது.

பிப்ரவரி 14, புதன்

திறந்துவிட்டேன்.

2003, ஆகஸ்ட் 19. கட்டுரையை அனுப்பி மூன்று நாள் ஆகியிருந்தது. என் கல்யாணத்துக்குப் பத்து நாள். சென்னை ஆய்வகத்தில் என் சாமான்களை எடுத்துவைக்கும்போது, கருவியைக் கடைசியாக ஒருமுறை பாதரச விளக்கு போட்டுச் சரிபார்த்தேன். பாதரசத்தின் பச்சைக் கோடு எந்த இடத்தில் விழவேண்டும், மஞ்சள் கோடு எங்கே விழவேண்டும் என்று உலகத்துக்கே தெரியும். பச்சை சரியாக விழுந்தது. மஞ்சள் நான்கு நானோமீட்டர் தள்ளி நின்றது. இரண்டுக்கும் நடுவே முப்பத்திரண்டுதான் இருக்கவேண்டும். எங்கள் கருவி முப்பத்தாறு காட்டியது. அதாவது கருவியின் அளவுகோல் நீண்டுவிட்டிருக்கிறது. எல்லாப் பிளவையும் எட்டில் ஒரு பங்கு கூட்டித்தான் காட்டியிருக்கும்.

என் நெறியாளர் நரசிம்மன் சாரிடம் போய்ச் சொன்னேன். “இன்னிக்குத்தான் கெட்டுதோ என்னமோ. நீ கல்யாணத்த முடிச்சுண்டு வா. ஒக்காந்து பாப்போம்,” என்றார். நோட்டில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: திரும்ப வந்து பார்க்கவேண்டும்.

போகவில்லை. மறுவருடம் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு ஒருநாள் போனேன். கட்டுரை அதற்குள் அச்சாகியிருந்தது. ஆய்வகம் ஒரு மாடி மேலே. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். சார் 2011இல் காலமானார்.

320ஐ அளவுகோலின் நீட்டலுக்குச் சரிசெய்து இன்று வகுத்துப் பார்த்தேன். 284 சொச்சம்.

அந்தக் கட்டுரையைப் பற்றி இத்தனை வருடம் யாரிடமும் பேசாததற்கு என் அடக்கம்தான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 17, சனி

இவரிடம் முழுதும் சொன்னேன். கேட்டு முடிக்கும்வரை கடையிலிருந்து வந்த இரண்டு போனை எடுக்கவில்லை.

“நம்ம கல்யாணத்துனாலயா?”

“இல்லீங்க. நான் திரும்பிப் போகாததுனால.”

“போறேன்னு சொல்லியிருந்தா நான் வேண்டாம்னு சொல்லியிருப்பனா?”

யோசித்துவிட்டு, “தெரியலீங்க. நான் கேக்கவே இல்லியே,” என்றேன்.

அவரும் யோசித்தார். “கடையில ஒரு மோட்டார் தப்பாப் போச்சுன்னு வெச்சுக்க. வாங்குனவன் கெணத்துக்குள்ள எறக்குறதுக்கு முன்னாடி நாமளே போன் பண்ணிச் சொல்லிப்போடோணும். எறக்குனதுக்கப்பறம் அவனாக் கண்டுபுடிச்சான்னா, அந்த ஊர்ப்பக்கமே போக முடியாது.”

“ஆயிரத்து முந்நூறு கெணத்துல எறக்கியாச்சுங்க.”

“அப்ப இன்னைக்கே கூப்புடு.”

பிப்ரவரி 19, திங்கள்

கூப்பிட இரண்டு நாள் ஆயிற்று. இடைவேளையில், இருட்டறை என்று நாங்கள் சொல்லும் ஒளியியல் ஆய்வகத்துக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு பர்னாலியைக் கூப்பிட்டேன். ஆங்கிலத்தில்தான் பேசினோம். பெயரைச் சொன்னேன். “நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா?” என்று பெரிய குரலில் கேட்டாள். அவள் நெறியாளர், கட்டுரையை எழுதியவர் இறந்துவிட்டார் என்று சொல்லியிருந்தாராம். நரசிம்மன் சாரைச் சொல்லியிருப்பார். இருக்கிறேன், காலேஜில் பாடம் எடுக்கிறேன் என்றேன்.

“உங்கள் 284 சரி. என் 320தான் தப்பு,” என்றேன்.

நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. உட்கார்ந்திருப்பாள். இரண்டரை வருடமாக அந்த ஒரே அளவை நாற்பத்தொரு முறை எடுத்திருக்கிறாள். ஆயிரம் பேர் ஒத்துக்கொண்ட எண் தப்பாக இருக்காது, உன் கைதான் சரியில்லை என்று அவள் நெறியாளர் ஆய்வேட்டை நிறுத்திவைத்திருக்கிறார். மார்ச் எட்டாம் தேதி அவளுடைய குழு கூடுகிறது. அன்றைக்கும் பதில் இல்லையென்றால் வேறு தலைப்பில் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

“உங்கள் நோட்டின் அந்தப் பக்கத்தை அனுப்புவீர்களா?” என்று கேட்டாள்.

பென்சில் வரியோடு அனுப்பினேன். எதிரொலி அடிக்கும் அந்த அறையில் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

பிப்ரவரி 26, திங்கள்

நோட்டுப் பக்கம் மட்டும் போதாதாம். ஆய்விதழுக்கு நானே திருத்தக் குறிப்பு அனுப்பியிருந்தால்தான் அவள் நெறியாளர் ஒத்துக்கொள்வாராம். நியாயம்தான். எழுதிவிட்டேன், ஒன்றரைப் பக்கம். அனுப்புவதற்கு முன் முதல்வரிடம் சொல்வது முறை என்று போனேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கதவைச் சாத்திவிட்டு, எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

“நான் அனுப்ப வேண்டாம்னு சொல்லல மேடம். கமிட்டி இருபத்தொண்ணாந்தேதி வருது. இருபத்திரண்டு காலைல அனுப்புங்க. இருவது வருஷம் இருந்திருக்கு, இன்னும் மூணு வாரம்.”

“அந்தப் பொண்ணுக்கு எட்டாந்தேதிங்க மேடம்.”

“உங்களுக்கு வர்ற போஸ்ட்டு இனி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. ரிடையர்மெண்டுக்குப் பதிமூணு வருஷம் இருக்கு உங்களுக்கு. நான் உங்களுக்காகத்தான் சொல்றேன்.”

அது உண்மை. அவர் எனக்காகவும்தான் சொன்னார். யோசிக்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பிப்ரவரி 29, வியாழன்

நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் நாள். யோசித்துக்கொண்டே இருந்தேன். துணி மடித்தேன். மகள் போனில், “ஏம்மா ஒரு மாதிரி இருக்கே?” என்றாள். வெயில் ஆரம்பித்துவிட்டது என்றேன்.

ப்ரொபசர் என்ற பலகை என் அறை வாசலில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆறு வருடமாக அந்த இடத்தை அளந்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 1, வெள்ளி

அனுப்பிவிட்டேன். காலை பத்து பதினேழு. பர்னாலிக்கும் ஒரு பிரதி, முதல்வருக்கும் ஒரு பிரதி. அப்புறம் பதினொன்றரைக்கு இரண்டாமாண்டு வகுப்பு, ஒளிவிலகல். என்றுமில்லாமல் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள்.

மார்ச் 9, சனி

“பாஸ்” என்று ஒரே வார்த்தையில் பர்னாலியிடமிருந்து செய்தி. அதற்குக் கீழே ஒரு படம்: பெரிய குரலுக்குப் பொருத்தமே இல்லாத ஒல்லிப் பெண், கையில் கேக், பக்கத்தில் அவள் நெறியாளர். அவர் முகம் சுமார்தான்.

மார்ச் 21, வியாழன்

குழு வந்தது. ஐந்து பேர், ஐந்து பேருக்கும் பொன்னாடை. என் பதினைந்து நிமிடத்தில் முதல் ஐந்தில் கட்டுரையைச் சொன்னேன், அடுத்த ஐந்தில் தப்பைச் சொன்னேன், மிச்சத்தில் யாருக்கும் கேள்வி இருக்காது என்று நினைத்தேன். குழுத் தலைவர், வயதான வேதியியல்காரர், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“இத நீங்க சொல்லலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஏம்மா சொல்றீங்க?”

“அளந்தது நான்தாங்க சார்.”

தலையை ஆட்டி ஏதோ எழுதிக்கொண்டார். நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. சாப்பாட்டில் அவருக்கு இரண்டாவது முறை ரசம் ஊற்றியபோது, “பாதரச விளக்கு போட்டுப் பாத்தீங்க பாருங்க, அது நல்ல பழக்கம்,” என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 12, வெள்ளி

ப்ரொபசர் பட்டியல் வந்தது. விலங்கியல் துறை. நல்ல பெண்மணி, கட்டுரைகளும் நிறைய. போய்க் கைகொடுத்துவிட்டு வந்தேன். முருகானந்தம் என்னைவிட வருத்தமாக இருந்தார். “லேமினேட் வரைக்கும் பண்ணுனீங்களே மேடம்,” என்றார்.

வீட்டில் இவர் எதுவும் கேட்கவில்லை. வண்டியை எடுத்து, காந்திபுரம் வரை போய் பானிபூரி வாங்கிக் கொடுத்தார். இரண்டாவது தட்டில் எனக்கு அழுகை வந்தது. காரத்தால் அல்ல. காரணம் நன்றாகவே தெரியும், எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 24, புதன்

திருத்தக் குறிப்பு அச்சாகிவிட்டது. திட்டி நான்கு கடிதம் வந்தன. நன்றி சொல்லிப் பதினாறு. எண்ணினேன், எண்ணாமல் இருக்க முடியவில்லை. பர்னாலியிடமிருந்து ஒன்று, கட்டளை மாதிரி: “மே மாதம் உங்களுக்கு விடுமுறைதானே. நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்கள் முறைப்படியே படலம் செய்து, என் கருவியில் அளப்போம்.”

இவரிடம் காட்டினேன். கேட்டேன் என்றே சொல்லலாம்.

“எத்தன நாளு?”

“பத்து நாளுங்க.”

“சட்னி அரைக்கறது எப்படின்னு எழுதி வெச்சுட்டுப் போ,” என்றார்.

மே 20, திங்கள். கவுகாத்தி

மழை. கொண்டுவந்த புடவைகள் எல்லாம் வெயிலுக்கானவை. பர்னாலி ஸ்கூட்டரில் வந்து என்னையும் நோட்டையும் பாலிதீன் பையையும் ஏற்றிக்கொண்டு போனாள்.

நான் அரை நாள் எடுத்து அளந்ததை அவள் கருவி மூன்று நொடியில் அளக்கிறது. அதன் முன்னால் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. காலையில் கண்ணாடியின் பூச்சுப் பக்கத்தில் விரலை வைத்துவிட்டேன். “அக்காவானாலும் கையுறை,” என்றாள் பர்னாலி. அக்கா என்கிற வார்த்தையை எங்கிருந்தோ கற்றுவைத்திருக்கிறாள். மத்தியானம் வரை கழுவும் வேலை மட்டும் கொடுத்தாள். முப்பது கண்ணாடித் தகடு கழுவினேன். முதுகு வலிக்கிறது. கையில் அசிட்டோன் வாசனை.

மே 24, வெள்ளி

என் நோட்டில், சாயப் படலத்தை இரண்டு நாள் மூடிவைத்து உலர்த்தவேண்டும் என்று இருக்கிறது. கட்டுரையில் அந்த வரியை இடம் போதாதென்று சார் வெட்டியிருந்தார். எனக்கே நினைவில்லை. பர்னாலி பாதி நாளில் உலர்த்தியிருக்கிறாள். அப்படியானால் நாங்கள் இருவரும் அளந்தது ஒரே படலத்தை அல்ல. இப்போது நோட்டில் உள்ளபடி இரண்டு நாள் உலர்த்த வைத்திருக்கிறோம்.

மே 28, செவ்வாய்

இன்று அளந்தோம். திரையில் அந்தக் கோடு இரண்டாகப் பிளந்து நின்றது. இதை நான் கடைசியாகப் பார்த்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. அன்றைக்குக் காகிதத்தில் பேனா நகர்ந்து நகர்ந்து வரைந்தது. இன்றைக்கு ஒரு கணத்தில் வந்துவிட்டது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பர்னாலிதான் எண்ணைப் படித்தாள்.

297.

320 இல்லை, அது தெரியும். ஆனால் 284ம் இல்லை. அளவுகோலைச் சரிபார்த்தோம், பாதரச விளக்கு போட்டு, பச்சை, மஞ்சள் இரண்டையும். கருவி சரியாகத்தான் இருக்கிறது. இன்னொரு தகடு அளந்தோம். 297. அவள் நெறியாளரைக் கூப்பிட்டாள், அவர் வந்து பார்த்து, நின்றபடியே ஒரு டீ குடித்துவிட்டு, “இது என்ன?” என்றார். எங்களுக்கும் அதுதான் கேள்வி. மெதுவாக உலரும்போது மூலக்கூறுகள் வேறு மாதிரி வரிசைகட்டுகின்றனவோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்படியானால் இதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. அப்படி இல்லையென்றால் இன்னொரு தப்பு. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் என்று தனித்தனியே உலர்த்தி, ஒவ்வொன்றாக அளந்தால்தான் தெரியும்.

நாளைக் காலை எனக்கு ரயில். வராந்தாவில் நின்று இவரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

“முன்ன இருந்த ரெண்டும் தப்பா?”

“தெரியலீங்க. அதத்தான் பாக்கோணும்.”

“டிக்கெட்ட என்ன பண்ணட்டும்?”

“ரத்து பண்ணிருங்க.”

“எப்ப வருவ?”

“முடிஞ்சதும் வர்றேங்க. ஜூன் பத்துக்குள்ள காலேஜ் தொறக்கறதுக்கு வந்துருவேன்.”

கடையில் யாரோ மோட்டார் விலை கேட்கும் சத்தம் கேட்டது. “கொஞ்சம் இருங்க, வூட்ல பேசிட்டிருக்காங்க,” என்று அவரிடம் சொன்னார். என்னிடம், “சரி, நல்லாப் பாத்துட்டே வா,” என்றார்.

இதை எழுதுவதற்குள் பர்னாலி இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டாள். முதல் தகட்டுக்கு வெள்ளி பூசியாகிவிட்டது. சாயம் கரைப்பது என் வேலை.